அர்ச்சுனனின் குழிகளும் ஓர் எக்ஸ்கவேட்டரும்

சுங்கை கெலாடி தோட்டத்தில் அர்ச்சுனன் வெட்டாத இடம் என்று பார்த்தால் துரை பங்களாவுக்கு முன்னால் இருக்கும் புல்தரை ஒன்றுதான். அதையும் ஒருமுறை வெட்டப் போனார். துரைசானி ஜன்னலில் நின்று கைதட்டி விரட்டிவிட்டாள். மற்றபடி, சிரம்பானிலிருந்து பதினெட்டாம் மைல் கட்டையில் ஆரம்பிக்கும் அந்தத் தோட்டத்தில் எந்தப் பக்கம் நடந்தாலும் அவர் வெட்டிய ஏதாவது ஒன்றைத் தாண்டித்தான் போக வேண்டும். மழைத் தண்ணீர் ஓடும் கான்கள், சரிவில் மண் அரித்துப் போகாமல் ரப்பர் மரங்களுக்கு நடுவே வெட்டிய வண்டல் குழிகள், இரண்டு கிணறுகள், குப்பைக் குழிகள், கக்கூசுக் குழிகள். யாராவது செத்துப்போனால் அந்தக் குழிக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

புராணத்து அர்ச்சுனன் கையில் வில் இருந்தது. இவர் கையில் முப்பது வருஷமாக மண்வெட்டி. வெட்டுவதற்கு முன்னால் வெறுங்காலின் குதியால் தரையை மூன்று தட்டுத் தட்டுவார். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்பார். கீழே யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போல இருக்கும். கேட்டு முடித்ததும் ஒன்று அந்த இடத்திலேயே வெட்டுவார், அல்லது நான்கு அடி தள்ளிப் போய் வெட்டுவார். ஏன் என்று சொல்ல மாட்டார். அவர் பேச்சே அவ்வளவுதான். "இவருகிட்ட ஒண்ணச் சொல்றதும் குழிக்குள்ள போடுறதும் ஒண்ணுதான்" என்று அவர் மனைவி பஞ்சாலை பைப்படியில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். அவள் இருந்த வரைக்கும் அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசினாள்.

வருஷங்களைக்கூட அவர் குழிகளால்தான் ஞாபகம் வைத்திருந்தார். கல்யாணம் எப்போது என்று கேட்டால், "நாலாம் நம்பர் மலைக்குக் கான் வெட்டுன வருஷம்" என்பார். பஞ்சாலை செத்தது எப்போது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், காய்ச்சல் கூலிகளின் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் நடந்துபோய்க் கதவைத் தட்டிய வருஷம்.

அந்த வருஷத்தில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மலையைத் தாண்டிப் பழைய இடுகாட்டுக்குப் போக யாருக்கும் தெம்பில்லை. பாதி ஆண்களை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். மீதிப் பேர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதனால் லயத்துக்குக் கீழே, ஆற்றோரம் இருந்த காலி நிலத்தில் புதைத்தார்கள். குழி எல்லாம் அர்ச்சுனன் வெட்டியது. கல் நடவில்லை, சிமெண்டு பூசவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மறுபடியும் பழைய இடுகாட்டுக்கே போகத் தொடங்கினார்கள். ஆற்றோர நிலத்தைப் புதர் மூடிக்கொண்டது. நாற்பது பேருக்கு மேல் அங்கே படுத்திருந்தார்கள். யார் எங்கே என்பது அர்ச்சுனன் ஒருவருக்குத்தான் தெரியும்.

பஞ்சாலையின் தங்கை வள்ளியம்மா அப்போது லாபு பக்கம் வேறொரு தோட்டத்தில் இருந்தாள். சண்டை முடிந்த பிறகுதான் புருஷனோடு இங்கே ரப்பர்ப் பால் எடுக்க, பால் மரம் வெட்ட வந்தாள். வந்த நாள் முதல் கேட்டாள்.

"மாமா, அக்காவ எந்த எடத்துல வச்சீங்க?"

"அந்தப் பக்கம்" என்று அர்ச்சுனன் கையை வீசுவார். அந்தக் கைவீச்சுக்குள் ஆறு, புதர், மூங்கில், அக்கரை மலை எல்லாமே அடங்கிவிடும். வருஷா வருஷம் திதியன்று வள்ளியம்மா புதரின் விளிம்பில் பொத்தாம் பொதுவாக ஒரு விளக்கை வைத்துவிட்டு வருவாள்.

இந்த நிலையில்தான் ஐம்பத்தொன்றாம் வருஷம் அந்த உத்தரவு வந்தது. அவசரகாலம் தொடங்கி மூன்று வருஷமாகியிருந்தது. காட்டில் ஒளிந்திருந்த கலகக்காரர்கள் இறங்கி வந்து லயத்தில் அரிசி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக, தோட்டத்தின் மூன்று பிரிவுகளில் சிதறிக் கிடந்த லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். சுற்றிலும் முள்கம்பி வேலி, வேலிக்கு வெளியே ஆள் தாண்ட முடியாத பள்ளம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு மூடினால் விடியும்வரை யாரும் வெளியே போக முடியாது. அளவுக்காரர்கள் வந்து பள்ளத்துக்கு முளை அடித்துவிட்டுப் போனார்கள். முளைகள் கீழ்ப்பக்கம் நேராக இறங்கி, ஆற்றோரப் புதரின் நடுவயிற்றைக் குத்திக்கொண்டு மறுபுறம் ஏறின.

அர்ச்சுனன் அந்த முளைகளைப் பார்த்துவிட்டு அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் முனியாண்டியிடம் போனார்.

"மண்டோரே, கீழ முளை அடிச்சிருக்கிற எடம் சுடுகாடு."

"எது? அந்தப் பொதரா?"

"பொதருக்குக் கீழ."

"கீழ இருக்கிறவங்க யாராச்சும் உங்கிட்ட மனு குடுத்தாங்களா?"

"மனு குடுக்கிற நெலமையிலயா இருக்காங்க?"

"அப்ப விடுலா. உயிரோட இருக்கிறவனுக்கே கம்பிக்குள்ள எடம் பத்தல. ஐசி இல்லாதவன் பேச்சை எல்லாம் எங்கிட்ட கொண்டாந்துகிட்டு."

அடையாளக் கார்டு இல்லாதவனை ரோட்டில் பார்த்தால் லாரியில் ஏற்றிவிடும் காலம் அது. செத்தவர்களிடம் கார்டு இல்லைதான்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி செல்வநாயகத்திடம் போனார். செல்வநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் மை படாமல் இருபது வருஷம் எழுதியவர். கூலிகளைக்கூட நீர் என்றுதான் கூப்பிடுவார்.

"பிளானில அது வெறுங்காடு எண்டுதான் கிடக்கு, அர்ச்சுனன். ஒரு கல்லாவது இருக்கோ?"

"ஜப்பான்காரன் காலத்துல கல்லுக்கு எங்கய்யா போறது? நாங்களே சாக்கு உடுத்திக்கிட்டு இருந்தோம்."

கிராணி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைத் துரையிடம் அழைத்துப் போனார். துரை நல்ல மனிதர்தான். தமிழ் பேசுவார். ஆனால் அந்தத் தமிழுக்குக் கட்டளை இடவும் கேள்வி கேட்கவும் மட்டும்தான் தெரியும்.

"கல் இல்லே. பேர் இல்லே. எப்படி சுடுகாடு?"

"நான்தான் தொரை வெட்டுனேன். எனக்குத் தெரியும்."

"நான் கோலாலம்பூருக்கு என்ன எழுதும்? அர்ச்சுனன் சொல்லுது என்று எழுதும்? திங்கக்கிழமை மிசின் வேலை ஆரம்பம். போ."

மிசின் சனிக்கிழமையே வந்துவிட்டது. நீளமான லாரியின் முதுகில் குந்திக்கொண்டு, ரப்பர் மரக் கிளைகளை முறித்துக்கொண்டு, தோட்டத்து ரோட்டில் மெல்ல ஊர்ந்து வந்தது. சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலி. முன்னால் ஒரு நீளக் கை. கையின் நுனியில் பல் வைத்த அண்டா. ஓட்டி வந்தவர் திருநாவுக்கரசு. கெமாஸ் ரயில்வே யார்டில் பாரந்தூக்கி ஓட்டியவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தும் பார்க்காதது போல இறங்கினார்.

"இதுக்கு என்னா பேரு டிரைவரே?" என்று வள்ளியம்மா கேட்டாள்.

"எக்ஸ்கவேட்டர்."

"வீட்டுல கூப்பிடுற பேரு?"

கூட்டம் சிரித்தது. கிராணிக்கு மட்டும் சிரிப்பைவிட அந்தச் சொல்லின் மேல் ஆசை அதிகம். ஆபீசுக்குள் போய்த் தலையணை மாதிரி ஓர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விரலை வைத்து நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"முதலாவது அர்த்தம், மண் தோண்டுறவன். ஆள். ரெண்டாவதுதான் மிசின். மூண்டாவது, பல்லு வைத்தியர் சொத்தையைச் சுரண்டி எடுக்கிற சின்னக் கரண்டி."

"இதையா வாய்க்குள்ள விடுறாங்க?" என்றார் மண்டோர், அண்டாவைப் பார்த்தபடி.

"உங்க வாய்க்குப் பத்தாது மண்டோரே" என்றாள் வள்ளியம்மா. பிறகு அர்ச்சுனன் பக்கம் திரும்பினாள். "மாமா, புத்தகத்துல மொத எடம் ஒங்களுக்குத்தான். போயி டிரைவரு சீட்டுல ஒக்காருங்க."

கிராணி இன்னும் முடிக்கவில்லை. "மண்ணுக்குள்ள போன பழைய நகரங்களைத் தோண்டுறவைக்கும் இதுதான் பேர்."

"எதுக்குத் தோண்டுறாங்க?" என்று அர்ச்சுனன் கேட்டார். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"உள்ளுக்கு இருக்கிறதை வெளியில எடுத்துப் பாக்க."

அப்படியானால் அந்தப் பெயர் தனக்கு முழுசாகப் பொருந்தாது என்று அர்ச்சுனனுக்குப் பட்டது. முப்பது வருஷத்தில் உள்ளே வைத்ததை ஒருநாளும் அவர் வெளியே எடுத்ததில்லை. திங்கட்கிழமை இந்த இரண்டாவது அர்த்தம் அதைச் செய்யப் போகிறது. பல் வைத்த அண்டா ஆற்றோரத்தில் ஒரு வாய் அள்ளும். அள்ளியதை எல்லார் கண்ணுக்கும் முன்னால் கவிழ்க்கும். அவர் கால் தானாகப் பின்வாங்கியது.

மிசினை எங்கே நிறுத்துவது என்ற பேச்சு வந்தது. கோயிலுக்குப் பின்னால் சமதரையாக, புல் முளைத்து, மேசை போல ஓர் இடம் இருந்தது. மண்டோர் அதைக் காட்டினார்.

"மண்டோரே, அங்க வேணாம்" என்றார் அர்ச்சுனன்.

"ஏன், அதுவும் சுடுகாடா?"

"இல்ல. அது..."

"நீ மொத அர்த்தம். போயி ஒன் மண்வெட்டியப் பாரு. ரெண்டாவது அர்த்தத்த நாங்க பாத்துக்கிறோம்."

அர்ச்சுனன் போய்த் தன் மண்வெட்டியைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். புது லாரி வந்தால் பூசை, புது மாட்டு வண்டிக்குப் பூசை, புது ரப்பர் உருளைக்குக்கூடப் பூசை போட்ட தோட்டம் அது. இவ்வளவு பெரியது ஒன்று கோயிலுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும்போது சும்மா விட முடியுமா. சந்தனம், குங்குமம், அண்டாவின் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எலுமிச்சம்பழம். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒருத்தி அபிஷேகம் என்றாள். வீட்டுக்கு ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் என்று பேச்சாகி, அறுபத்திரண்டு வீடும் வரிசையில் நின்றது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்திருந்த மாமியாரும் மருமகளும் தங்களுக்கு ஒரு குடம் எப்படிப் போதும் என்று சண்டை போட்டு இரண்டு குடம் வாங்கிக்கொண்டார்கள். அதைப் பார்த்து முதல் வீட்டுக்காரி, தான் ஊற்றியது பாதிக் குடம்தான் என்று மறுபடி வரிசையில் வந்து நின்றாள். திருநாவுக்கரசு கழுத்தில் மாலையோடு சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், கல்யாண மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். தண்ணீர் சங்கிலி வழியாக இறங்கித் தரைக்குள் போனது. சாயங்காலம் வானமும் தன் பங்குக்கு ஒரு மணி நேரம் ஊற்றியது.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வந்தபோது எக்ஸ்கவேட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்புவரை பூமிக்குள் இறங்கி, அண்டாவை வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. யாராவது கை கொடுங்கள் என்று கேட்பது போல இருந்தது. காற்றில் மஞ்சளும் சந்தனமும், அவற்றுக்கு அடியில் வேறு ஒரு பழைய வாடையும்.

திருநாவுக்கரசு ஏறி முடுக்கினார். தன் கையாலேயே தன்னைத் தூக்கிக்கொள்ளப் பார்த்த மிசின் இன்னும் ஒரு முழம் இறங்கியது.

"பொம்பளைங்க ஊத்துன தண்ணிதான்" என்றார் மண்டோர்.

"நாங்க தண்ணி ஊத்துனோம். கக்கூசு மேல நிறுத்தச் சொன்னது யாரு?" என்றாள் வள்ளியம்மா. மூக்கைச் சேலையால் மூடியிருந்ததால் குரல் மட்டும் வந்தது.

அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. லயத்துக்குப் பின்னால் வாளிக் கக்கூசும் இங்கே கோயிலும் கட்டுவதற்கு முன்னால், முப்பத்தாறாம் வருஷம்வரை, தோட்டத்துக் கக்கூசு அங்கேதான் இருந்தது. குழியை மூடி, மண் போட்டு, புல் முளைத்து, அதை உபயோகித்தவர்களே மறந்துபோயிருந்தார்கள்.

துரை வந்தார். தொப்பியைக் கழற்றினார், போட்டார். பள்ளமும் வேலியும் மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால் போலீசுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இழுப்பதற்கு இன்னொரு மிசின் பக்கத்தில் எங்கும் கிடையாது. கிராணி அவர் காதருகில் ஏதோ சொன்னார். துரை திரும்பினார்.

"அர்ச்சுனன் எங்கே?"

அர்ச்சுனன் கூட்டத்தின் கடைசியில் மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். வழி விட்டார்கள்.

"இந்தக் குழி நீ வெட்டினது?"

"ஆமா தொரை. பன்னெண்டு குழி. ரெண்டு வரிசை. ரெண்டு வரிசைக்கும் நடுவுல பத்தடி கெட்டி மண்ணு விட்டிருக்கேன். அந்த மண்ணு மேல ஏத்துனா மிசினு வெளிய வந்துரும்."

"அப்போ ஏத்து."

அர்ச்சுனன் நகரவில்லை. துரையிடம் கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

"தொரை, இந்த எடத்துல கல்லு இருந்துச்சா?"

"என்ன கல்?"

"இங்க குழி இருக்குன்னு."

துரை சாய்ந்து கிடந்த மிசினைப் பார்த்தார்.

"ஒங்க படத்துலயும் இருந்திருக்காது. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. மிசினு எறங்குனப்புறம் ஒங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. ஆத்தோரத்துல இருக்கிறதும் இப்படித்தான் தெரிய வரணுமா தொரை?"

அர்ச்சுனன் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. துரை தொப்பியை இன்னொரு தடவை கழற்றினார்.

"கெட்டி மண் எங்கே, காட்டு. நீ சொல்லுது சரியா இருந்தா நாம ஆத்துக்குப் போகும், பாக்கும்."

அர்ச்சுனன் செருப்பைக் கழற்றினார். குதியால் மூன்று தட்டு. தலையைச் சாய்த்தார். ஒரு குச்சி நட்டார். நான்கு அடி போனார், மறுபடி மூன்று தட்டு, இன்னொரு குச்சி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மூடிய குழிகளின் ஓரங்களைப் புல் மேலேயே கோடு போட்டது போலக் குச்சிகள் நின்றன. குச்சிகளுக்கு நடுவே ஆட்கள் சரிவாக வெட்டி, ரப்பர் மரத் துண்டுகளை அடுக்கினார்கள். மூன்று மணிக்குத் திருநாவுக்கரசு மாலையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முடுக்கினார். எக்ஸ்கவேட்டர் உறுமி, சறுக்கி, இரண்டு குச்சி வரிசைக்கு நடுவே, சொன்னபடி நடக்கும் யானை போல மேலே ஏறி வந்து நின்றது.

"மொத அர்த்தத்துக்கு ஒரு கும்பிடு அண்ணே" என்றார் திருநாவுக்கரசு, மேலே இருந்தபடியே.

துரை வார்த்தை தவறவில்லை. ஆற்றோரம் வந்து, அங்கே அடித்திருந்த முளைகளைப் பிடுங்கச் சொன்னார். முப்பது அடி தள்ளி, ஆற்றை ஒட்டிப் பள்ளம் வளைந்து போகட்டும். புதைத்த இடம் வேலிக்கு உள்ளேயே இருக்கும். ஆனால் கோலாலம்பூருக்கு எழுத அவருக்குக் காகிதம் வேண்டும். ஆறு மணிக்குள் ஒவ்வொரு குழியிலும் ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு பெயர். கிராணி எழுதிக் கொடுக்க வேண்டும். சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

புதரை வெட்டித் தள்ளினார்கள். அர்ச்சுனன் முன்னால் நடந்தார். கிராணி கரும்புள்ளி கூட இல்லாத சட்டையோடு முள்ளுக்குள் பின்னால் வந்தார். வள்ளியம்மா ஒரு கட்டுக் குச்சியைச் சுமந்தாள். குதி தட்டும், நிற்கும், ஒரு பெயர் சொல்லும். "முருகையா. ஸ்டோர்ல வேல செஞ்சவரு." "நல்லசாமி மவ. பேரு வைக்கல." "இது தங்கராஜு. குழி கொஞ்சம் நீளம். ஆறடிக்கு மேல இருப்பாரு." பின்னால் வந்த கூட்டத்தில் அவரவர் ஆள் பெயர் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டார்கள். கூட்டம் கரைந்துகொண்டே வந்தது. ஒரு கிழவர் குச்சியைத் தொட்டுப் பார்த்து, தன் தம்பி இவ்வளவு பக்கத்தில் இருந்தானா என்றார்.

மூங்கில் புதரை நெருங்கியதும் அர்ச்சுனனின் கால் தயங்கியது. மூன்று தடவை தட்டுகிற கால் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. அவருக்கு அந்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வள்ளியம்மாவிடமிருந்து ஒரு குச்சியை வாங்கி நட்டார்.

"பேர்?" என்றார் கிராணி.

"பஞ்சாலை."

வள்ளியம்மா மிச்சக் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

கிராணி எழுதிக்கொண்டு நகரப் போனார். அர்ச்சுனன் நகரவில்லை.

"ஐயா, இன்னொரு பேரும் எழுதணும். இதே குச்சிக்கு."

"ஒரு குழிக்கு ரெண்டு பேரோ?"

"மாரியம்மா."

பேனா நின்றது. அர்ச்சுனன் வள்ளியம்மாவைப் பார்க்காமல், மூங்கிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வாரம் எனக்கும் காய்ச்சல். நிக்க முடியல. ஒரே நாள்ல ரெண்டு பேரும். ஒரு குழிதான் வெட்ட முடிஞ்சுச்சு. ஊருக்கெல்லாம் தனித்தனியா வெட்டுனேன். ஒங்க அக்காவுக்குப் பாதிதான் குடுத்தேன். அதுவும் யாரோட? பைப்படியில தெனமும் அவகூடச் சண்ட போட்டாளே, அந்த மாரியம்மாவோட. ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வள்ளியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் முகத்தை மூடியே வைத்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

"ஏழு வருசம், மாமா" என்றாள். "அக்காவால பேசாம ஒரு பொழுது இருக்க முடியுமா? நீங்க பக்கத்துல இருந்தும் பிரயோசனமில்ல. தனியா வச்சிருந்தீங்கன்னா எந்திரிச்சு வந்திருப்பா. மாரியம்மா அக்கா இருக்கப் போயித்தான் இத்தன நாளு இங்கேயே கெடக்குறா."

அர்ச்சுனன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண் நனைந்திருந்தது. வாய் சிரித்தது. முறிந்துபோன ஒரு வேரைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

வள்ளியம்மா எழுந்து, கீழே கிடந்த கட்டிலிருந்து நேரான குச்சி ஒன்றைத் தேடி எடுத்தாள். பஞ்சாலையின் குச்சிக்கு ஒரு சாண் தள்ளி அதை நட்டாள்.

"கிராணி ஐயா, ரெண்டு குச்சின்னே எழுதிக்குங்க. ஒரே குச்சின்னா அதுக்கும் சண்ட போடுவாங்க."

கிராணி எழுதினார். லயத்துப் பக்கமிருந்து ஆறு மணி ஆகப்போவதற்கான முதல் மணி கேட்டது. இன்னும் பதினோரு குழிகள் பாக்கி இருந்தன. அர்ச்சுனன் மூங்கிலைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே, அடுத்த இடத்துக்கு நடந்தார்.